நன்றி சொல்லப் போன வீடு

முந்திரிக்கொத்துக்குப் பாசிப்பயறு வறுக்க உட்கார்ந்தாலே அருள்செல்விக்கு எரிச்சல் வந்துவிடும். வறுத்து, திரித்து, வெல்லப்பாகு காய்ச்சி, சூடு ஆறுவதற்குள் உருட்டி, அரிசி மாவில் தோய்த்து எண்ணெயில் போட்டெடுக்க வேண்டும். கிறிஸ்துமஸ் என்றாலும் பரவாயில்லை. செப்டம்பர் இருபத்தெட்டாம் தேதிக்காக, அதுவும் கொரட்டூரில் இருக்கும் ஒரே ஒரு வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதற்காக, பதின்மூன்றாவது வருஷமாக அவள் இதைச் செய்துகொண்டிருந்தாள்.

"இந்த வருஷம் கடையில ஸ்வீட் வாங்கிட்டுப் போவோமே," என்றாள் அடுப்படியிலிருந்து.

முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த வேதமுத்து தலையைத் தூக்கவில்லை. "கடையில வாங்கி யார் வேணாலும் குடுப்பான். நன்றின்னா நம்ம கையால செஞ்சதா இருக்கணும்."

"நம்ம கையா? இங்க பத்து விரல் மாவுல கெடக்கு. அதுல உங்க விரல் எது, வந்து காட்டுங்க."

பேப்பரின் பக்கம் திரும்பும் சத்தம்தான் கேட்டது.

வேதமுத்து பாடியில் ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டுபவர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து அம்பத்தூரிலேயே தங்கிவிட்ட குடும்பம். எண்பத்தொன்றாம் வருஷம், செப்டம்பர் இருபத்தெட்டாம் தேதி காலையில், முதல் ஷிப்டுக்குச் சைக்கிளில் போகும்போது பாடிக்கு முன்னால் ஒரு லாரி அவரை இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. இடது கால் இரண்டு இடத்தில் முறிந்து, ரத்தம் நிறையப் போய், ஆஸ்பத்திரியில்தான் கண் விழித்தார். கட்டில் பக்கத்தில் முன்பின் தெரியாத ஒருவர் உட்கார்ந்திருந்தார். வேட்டியெல்லாம் ரத்தக் கறை. பெயர் வீரராகவன், கொரட்டூர் ஏரிக்கரைப் பக்கம் கீரை பயிரிடுகிறவர் என்று நர்ஸ் சொன்னாள். "இன்னும் அரை மணி தாமதிச்சிருந்தா உங்கள எடுத்துட்டு வந்தும் பிரயோஜனமில்ல," என்றார் டாக்டர். வீரராகவன் இரண்டு நாள் அங்கேயே இருந்துவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் போய்விட்டார்.

அடுத்த வருஷம் அதே தேதியில் வேதமுத்து தன் மனைவியையும் ஆறு வயது மகள் ரோஸியையும் கூட்டிக்கொண்டு, விசாரித்து விசாரித்து அவர் வீட்டைக் கண்டுபிடித்தார். இப்படி நன்றி சொல்லப் போவது வேதமுத்து வீட்டுப் பழக்கம். அவருடைய அப்பாவை டைபாய்டு காய்ச்சலில் ஒரு கம்பவுண்டர் காப்பாற்றினாராம். அந்தக் கம்பவுண்டர் உயிரோடு இருந்தவரை ஒவ்வொரு வருஷமும் அப்பா பிள்ளைகளை வரிசையாக அழைத்துப்போய் அவர் வாசலில் நிறுத்தி நன்றி சொல்ல வைப்பாராம்.

"ஆண்டவர் நேரா எறங்கி வந்து தூக்கி விடுததில்ல. ஒரு ஆளை அனுப்புதாரு," என்பார் வேதமுத்து. "கோயில்ல ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொல்லிட்டு அந்த ஆளை மறந்துட்டோம்னா, சொன்ன ஸ்தோத்திரத்துல பாதி கீழேயே நின்னுரும்."

முதல் வருஷம் அருள்செல்வியும் அழுதுகொண்டேதான் நன்றி சொன்னாள். இரண்டாவது, மூன்றாவது வருஷமும் சரிதான். ஆனால் வேதமுத்து நிறுத்துவதாக இல்லை. ஒவ்வொரு தடவையும் ஒரு புது வேட்டி, ஒரு தூக்குச்சட்டி நிறைய முந்திரிக்கொத்து. வீட்டுக்குள் நுழைந்ததும் ஒரு கீர்த்தனை. பிறகு ஜெபம், இருபது நிமிஷத்துக்குக் குறையாது. வீரராகவன் அண்ணனின் கீரைப் பாத்தி, மாடுகள், கிணற்றுத் தண்ணீர் என்று ஒவ்வொன்றையும் பேர் சொல்லி ஆசீர்வதிக்கச் சொல்லிக் கேட்பார். வீரராகவன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கூரையைப் பார்த்தபடி நிற்பார். ஒரு வருஷம் ஜெபத்தின் நடுவிலேயே மாட்டைப் பார்க்கப் போனவர் திரும்பி வரவேயில்லை. அவர் மனைவி வரலட்சுமி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு அடுப்படி நிலைப்படியில் நின்றுகொள்வாள்.

இதெல்லாம் அந்த மனிதருக்குப் பிடிக்கவில்லை என்பது அருள்செல்விக்கு நாலாவது வருஷமே தெரிந்துவிட்டது. கணவரிடம் சொல்லியும் பார்த்தாள். "கூச்சப்படுதாரு. நல்ல மனுஷன்," என்றுவிட்டார்.

தொண்ணூற்று நாலில் அந்தத் தேதி புதன்கிழமையில் வந்தது. வேதமுத்து லீவு போட்டார். ரோஸிக்குக் கல்லூரி இருந்தது.

"அப்பா, ஒடஞ்சது உங்க காலு. நான் எதுக்கு வருஷா வருஷம்?"

"அன்னைக்கு நான் போயிருந்தா நீ இன்னைக்குக் காலேஜ் படி ஏறியிருப்பியா?"

"அதுக்கு ஒரு நாள் காலேஜுக்குப் போகாமலே இருக்கணுமாக்கும்?"

"எனக்கப்புறம் நீதானே போகணும். இப்பவே பழகிக்க."

ரோஸி அம்மாவைப் பார்த்தாள். "உங்கப்பாகிட்ட நான் பேசல. தூக்கை எடு," என்றாள் அருள்செல்வி.

அம்பத்தூரில் ரயிலேறி கொரட்டூரில் இறங்கி, வெயிலில் நடந்து போனால் வீரராகவன் வீடு இருந்த இடத்தில் பாதிச் சுவர்தான் நின்றது. பக்கத்தில் செங்கலும் மணலும் கொட்டிக் கிடந்தன. கீரைப் பாத்தி இருந்த இடமெல்லாம் கல் நட்டு மனையாகப் பிரித்திருந்தார்கள். எதிர்ப்புறம் எருமைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த ஒருவரிடம் வேதமுத்து விசாரித்தார். வேம்புலி என்று பேர், வீரராகவனுக்குப் பங்காளியாம்.

"வீரராகவனா? அவுரு ஊட்ட வித்துட்டு பூட்டாரே சார், மூணு மாசம் ஆவுது. சென்னீர்குப்பத்துல அவுரு புள்ள கங்காதரன் லாரி மெக்கானிக் ஷெட்டு வச்சிகினு கீறான். அங்கதான் கீறாங்கோ."

"எங்ககிட்டச் சொல்லவே இல்லையே."

"எப்பிடி சொல்லுவாரு? 'அந்த பாடி சார் வந்தா எடம் தெரியாதுன்னு சொல்லிடு'ன்னு எங்கிட்ட…" என்றவர் சட்டென்று நிறுத்தி, மூன்று பேரையும், தூக்கையும், வேட்டிப் பொட்டலத்தையும் பார்த்தார். "நீதான் அந்த பாடி சாரா?"

ரோஸி சிரித்துவிட்டாள். அருள்செல்விக்குச் சிரிப்பு வரவில்லை.

"கேட்டீங்களா? ஊரை விட்டே ஓடிருக்காரு மனுஷன், உங்களுக்குப் பயந்து."

"வெளையாட்டுக்குச் சொல்லிருப்பாரு," என்றார் வேதமுத்து. "வா, ஆவடிக்குப் போயி பூந்தமல்லி பஸ் பிடிப்போம்."

மறுபடி ரயில். வண்டி அம்பத்தூரில் நின்றபோது அருள்செல்வி எழுந்தே விட்டாள். வீடு பத்து நிமிஷ நடை. காலையில் ஊறப்போட்ட துணி அப்படியே இருந்தது. "எறங்கிருவோம், ரோஸி அப்பா. ஒரு லெட்டர் போட்டுக்கலாம்." அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு தூக்கை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டார். அவரைத் தனியாக விட்டுப் போகலாம்தான். ஆனால் போன வருஷம்கூட அந்த இடது கால் இடறிப் படியில் விழுந்திருக்கிறார். அவள் உட்கார்ந்தாள்.

ஆவடியில் நாற்பது நிமிஷம் நின்ற பிறகு பஸ் வந்தது. வேதமுத்து பூந்தமல்லிக்கு டிக்கெட் எடுத்தார். சென்னீர்குப்பம் அதற்கு முன்னாலேயே வரும் என்று அவருக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. ரோஸி கடைப் பலகையில் ஊர்ப் பெயரைப் படித்துவிட்டுக் கத்தியபோது பஸ் நிறுத்தத்தைத் தாண்டிவிட்டது.

"மொதல்லியே சொல்றதுக்கு இன்னாம்மா?" என்றார் கண்டக்டர், அருள்செல்வியைப் பார்த்து.

பூந்தமல்லி வரைக்கும் போய், கூட்டத்தில் பிதுங்கி இறங்கி, லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கித் திரும்பி நடந்தார்கள். பேசினால் ரோட்டிலேயே சண்டையாகிவிடும் என்று அருள்செல்வி முன்னால் நடந்தாள்.

ஷெட்டில் ஒரு லாரிக்கு அடியிலிருந்து கிரீஸ் படிந்த ஆள் வெளியே வந்தார். கங்காதரன். விஷயத்தைச் சொன்னதும் அவர் முகத்தில் சிரிப்பும் கலவரமும் ஒன்றாக வந்தன. "ஐயோ, பாடி சாரா! வந்துட்டியா! நைனா பின்னால ஊட்ல கீறாரு, போ."

வீரராகவன் வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். வேதமுத்துவைக் கண்டதும் எழுந்து செருப்பைத் தேடினார். ஒரு செருப்புதான் கிடைத்தது.

"அண்ணே! வீடு மாறுனதைச் சொல்லவே இல்லையே!" என்று கைகூப்பிக்கொண்டு போனார் வேதமுத்து.

"இன்னா சார் நீ! இங்கியும் வந்துட்டியா?" வீரராகவன் ஒரு காலில் செருப்போடு நின்றார். "எத்தினி வருசமா வேணாம் வேணாம்னு சொல்றேன்? உனுக்கு காது கேக்குதா இல்லியா?"

"நன்றின்னு ஒண்ணு இருக்கே, அண்ணே…"

"யாருக்கு நன்றி? இன்னாத்துக்கு நன்றி? நான் உன்ன காப்பாத்தல சார்! கேட்டுக்கோ. நான் காப்பாத்தவே இல்ல!"

அந்தச் சத்தத்தில் கங்காதரன் ஷெட்டிலிருந்து எட்டிப் பார்த்தார். உள்ளேயிருந்து வரலட்சுமி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"வந்தவங்கள உக்கார சொல்லாம இன்னா கூவிகினு கீற?"

"நீயே சொல்லு. இன்னிக்கி சொல்லிடு. என்னால இன்னொரு தபா நிக்க முடியாது." வீரராகவன் கட்டிலில் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

"அத்த இப்ப ஏன் எடுக்கிற?" என்றாள் வரலட்சுமி.

"நான் சொல்றேன்." துண்டுக்குள்ளிருந்தே பேசினார். "நானும் இவளும் மார்க்கெட்டுக்கு கீரை ஏத்திகினு மாட்டு வண்டில வரோம். நீ ரோட்டோரமா கெடக்குற. ஒரே ரெத்தம். போலீஸ் கேசாப் பூடும், நமக்கு எதுக்குன்னு நான் மாட்ட அடிச்சி ஓட்டுனேன் சார். உன்ன தாண்டி பூட்டேன். இவதான் ஓடுற வண்டிலருந்து குதிச்சா."

வேதமுத்து கூப்பிய கையை இறக்கவில்லை.

வரலட்சுமிக்குத்தான் கோபம் வந்தது, புருஷன் மேலே. "பயந்த மனுசன் சார் இவுரு. அப்பிடியே வுட்ற ஆளும் இல்ல. நான் குதிச்சதும் வண்டிய நிப்பாட்டிட்டு வந்தாரு. நான் எம் பொடவைய கிழிச்சி உன் கால கட்டுனேன். ஒரு பால் வேன் வந்திச்சி. கைய காட்டுனா நிக்க மாட்டான்னு தெரியும். நடு ரோட்டுல கைய விரிச்சிகினு நின்னுட்டேன், ஏத்துனா ஏத்திட்டு போன்னு. நின்னான். கிழிஞ்ச பொடவையோட நான் எங்க ஆஸ்பத்திரிக்கு போறது? இவுர ஏத்தி அனுப்சிட்டு, வண்டிய நானே ஓட்டிகினு போயி கீரைய மார்க்கெட்டுல போட்டேன்."

"ரெண்டு நாளு உன் பக்கத்துல குந்திகினு இருந்தனே," என்றார் வீரராகவன், "அதுகூட உனுக்காவ இல்ல. சாட்சி கையெழுத்து போடாம போவக்கூடாதுன்னு போலீஸ்காரன் புடிச்சி வச்சிகினான்."

வேதமுத்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கால் மடங்காததால் அவர் உட்காருவதற்கு எப்போதும் நேரமாகும். இன்று பொத்தென்று விழுந்ததுபோல உட்கார்ந்தார்.

"ஏன்க்கா, இத்தன வருஷத்துல ஒரு தடவையாவது சொல்லிருக்கலாம்ல?" என்று கேட்டாள் அருள்செல்வி.

"எப்பிடி சொல்றது? மொத வருசம் சார் வந்து இவுரு கால்ல வுழப் போனாரு. அக்கம்பக்கத்து ஊட்டு ஆளுங்கல்லாம் பாத்துகினு நிக்கிறாங்கோ. அங்க வச்சி சொன்னா இவுரு மூஞ்சிய எங்க வச்சிப்பாரு? அடுத்த வருசம் சொல்லிக்கலாம்னு வுட்டேன். அப்பால அப்பிடியே பூடுச்சி." அவள் கொஞ்சம் தயங்கினாள். "ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காதே சார். நீங்க வர்றதுல எனுக்கு ஒரு சொகமும் இல்ல. இருக்கிற வேலைய வுட்டுட்டு காபி போடணும். நீ கண்ண மூடிகினு சாமி கும்புட்ற வரிக்கும் நானும் நவுராம நிக்கணும். ஒரு வருசம் கொழம்பு அடி புடிச்சி, அன்னிக்கி பூரா எங்க ஊட்ல கருகல் நாத்தம்."

அருள்செல்விக்கு அந்த நாளில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. வரலட்சுமியும் சிரித்தாள்.

வேதமுத்து வேட்டிப் பொட்டலத்தை எடுத்தார். யாரிடம் நீட்டுவது என்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டார்.

"அத்த எடுத்துகினு போ சார்," என்றார் வீரராகவன். "நீ குடுத்த பன்னெண்டு வேட்டியும் பொட்டியில அப்பிடியே கீது. ஒண்ணுகூட நான் கட்ல."

வேதமுத்து கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். வரலட்சுமிக்கு எதிரே போய் நின்று வழக்கம்போலத் தலையைக் குனிந்து கண்ணை மூடினார்.

"கண்ண மூடாதே சார்," என்றாள் அவள். "என்ன பாத்து சொல்லு."

அவர் கண்ணைத் திறந்தார். இருபது நிமிஷம் தடையில்லாமல் ஜெபிக்கிற மனிதருக்கு வார்த்தை வரவில்லை. உதடு அசைந்தது. "மதினி," என்றார். மறுபடி, "நன்றி, மதினி," என்றார்.

"அவ்ளோதான். போதும். வா, சாப்புடு." உள்ளே போகத் திரும்பியவள் நின்றாள். "அடுத்த வருசம் நீங்க வராதீங்கோ. நான் உங்க ஊட்டுக்கு வரேன். எத்தினி வருசம் காபி போட்டுகீறேன்? ஒரு நாளு குந்திகினு துன்னுட்டு வரேன்."

திரும்பும்போது ஆவடி வரை வேதமுத்து வேட்டிப் பொட்டலத்தைத் தடவிக்கொண்டே வந்தார். அருள்செல்விக்கே பாவமாகிவிட்டது. ஏதாவது சொல்லித் தேற்றலாமா என்று நினைத்துக்கொண்டிருந்தாள். பிளாட்பாரத்தில் வண்டிக்குக் காத்திருக்கும்போது அவரே பேசினார்.

"அடுத்த வருஷம் மதினிக்கு நல்ல சேலையா ஒண்ணு எடுக்கணும். பட்டா எடுத்துருவோம்."

அருள்செல்விக்குத் தேற்றும் எண்ணமெல்லாம் போய்விட்டது.

"சேலையா? அந்த மனுஷி அவ்வளவு சொல்லியும் உங்களுக்குச் சேலைதான் தோணுதா? சரி, நானும் ஒண்ணு கேக்கேன். ஆஸ்பத்திரில விட்டுட்டு அவங்க போயிட்டாங்க. அதுக்கப்புறம் நாலு மாசம் உங்களைத் தூக்கி உக்கார வச்சது யாரு? மலம் மூத்திரம் எடுத்தது யாரு? ராத்திரி வலில கத்துவீங்களே, கூட முழிச்சிருந்தது யாரு? பதிமூணு வருஷமா ஊர் ஊரா நன்றி சொல்லுதீங்களே, எந்த வருஷமாவது வீட்டுக்குள்ள ஒருத்திக்குச் சொன்னீங்களா?"

வேதமுத்து நிஜமாகவே திகைத்துப் பார்த்தார். "உனக்கா? நீ என் பெஞ்சாதில்லா. நீயும் நானும் வேறயா? எனக்கு நானே நன்றி சொல்லிக்கிட முடியுமா?"

வண்டி வந்ததும் அருள்செல்வி ரோஸியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு லேடீஸ் பெட்டியில் ஏறிக்கொண்டாள்.

அடுத்த வருஷம் வரலட்சுமி சொன்னபடியே வந்தாள். ஆனால் இருபத்தெட்டாம் தேதி வரவில்லை. ஷெட்டு ஆட்களுக்குச் சமைக்க வேண்டியில்லாத விடுமுறை நாள் ஞாயிற்றுக்கிழமைதான் என்று, நாலு நாள் முன்னதாகவே வந்துவிட்டாள். காலை ஆராதனை முடிந்து மூவரும் வீட்டுக்கு வந்தால் அவளும் வீரராகவனும் வாசலில் உட்கார்ந்திருக்கிறார்கள். முந்திரிக்கொத்து கிடையாது. சேலை கிடையாது. அடுப்படியில் விடியற்காலையிலேயே வைத்துவிட்டுப் போன ஆட்டுக்கறிக் குழம்பு இருந்தது.

"பொரட்டாசி ஆச்சே, நாங்க கவிச்சி துன்ன மாட்டோம்," என்றார் வீரராகவன், மூக்கை உறிஞ்சியபடி, மிகுந்த வருத்தத்தோடு.

அருள்செல்வி தலையில் கை வைத்தாள். கறிச் சட்டியைத் துணி சுற்றிக் கொல்லையில் கொண்டுபோய் வைத்தாள். பருப்பை அடுப்பில் ஏற்றினாள். கூடையில் கத்தரிக்காயும் இரண்டு முருங்கைக்காயும்தான் இருந்தன. "வந்து காயை நறுக்குங்க," என்று கூப்பிட்டாள். அவள் குரலைக் கேட்டு வேதமுத்து மறுபேச்சில்லாமல் வந்து கத்தரிக்காயைத் தடித்தடியாக நறுக்கினார். வரலட்சுமி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"ஒத்தாசை பண்ணட்டா?" என்று ஒரு தடவை கேட்டாள்.

"வேண்டாம்க்கா."

"நல்லதாப் போச்சி. நான் எய்ந்திருக்கறதா இல்ல."

சாப்பாடு எடுத்துவைக்க மணி இரண்டாகிவிட்டது. எல்லாரும் பசியில் இருந்தார்கள். வேதமுத்து இலைக்கு முன்னால் எழுந்து நின்றார். அருள்செல்வி சாதப் பானையை மறுபடி மூடினாள். சாதம் ஆறப்போகிறது, இருபது நிமிஷம். ஆனால் அவர் மகளைப் பார்த்தார்.

"ரோஸி, நீ ஜெபம் பண்ணு."

"நானா?"

"நீதான்."

ரோஸி அலுத்துக்கொண்டே எழுந்தாள். கண்ணை மூடலாமா வேண்டாமா என்று ஒரு நிமிஷம் வரலட்சுமியைப் பார்த்தாள். மூடாமலே சொன்னாள்.

"ஆண்டவரே, அன்னைக்கு நடுரோட்டுல நின்ன பெரியம்மாவுக்காக உமக்கு ஸ்தோத்திரம். சொல்லாமலே இருந்திருக்கலாம், ஆனாலும் உண்மையைச் சொன்ன பெரியப்பாவுக்காக ஸ்தோத்திரம். நாலு மாசம் அப்பாவைத் தூக்கி உக்கார வச்ச எங்க அம்மாவுக்காக ஸ்தோத்திரம். அதை அப்பா சொல்லமாட்டாங்க, அதனால நான் சொல்லுதேன். ஆமென்."

வேதமுத்து பாதியிலேயே கண்ணைத் திறந்துவிட்டார். வீரராகவன் சத்தமாக "ஆமா, ஆமா" என்றார், அப்படித்தான் முடிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு. அருள்செல்வி கரண்டியோடு நின்றாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, "சாம்பார் ஆறுது, உக்காருங்க எல்லாரும்," என்று அதட்டினாள்.

அவர்கள் கிளம்பிப் போன பிறகு அருள்செல்வி பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். வேதமுத்து கொல்லைப்புறக் கதவோரம் வந்து நின்றார். ரொம்ப நேரம் நின்றார்.

"என்ன வேணும்?"

"தண்ணி."

"பானை உள்ள இருக்கு. இதுக்கா இவ்வளவு நேரம் நின்னீங்க?"

அவர் போகவில்லை. "அந்த நாலு மாசம்," என்று ஆரம்பித்தார். "நான் ரொம்ப… உன்ன ரொம்ப ஏசிருப்பேன், வலில. நீ…"

"தெரியும்," என்றாள் அவள், சட்டியைத் தேய்ப்பதை நிறுத்தாமல்.

"என்னை முடிக்க விடேன்."

அவள் நிறுத்தினாள். அவர் அவளைப் பார்த்துக்கொண்டே முடித்தார். இரண்டு வாக்கியம்தான். அதையும் திக்கித் திக்கித்தான் சொன்னார். அவள் தலையாட்டிவிட்டு, துலக்கிய பாத்திரங்களை உள்ளே கொண்டுபோய் வைக்கச் சொல்லி அவர் கையில் கொடுத்தாள். அதில் ஒன்றை அவர் வழியில் போட்டு நசுக்கினார்.

தொண்ணூற்றேழில் ரோஸிக்குக் கல்யாணமாயிற்று. மாப்பிள்ளை கிறிஸ்துதாஸ், ஆவடியில் வேலை. அடுத்த வருஷம் ஆகஸ்டில் பிரசவம் சிக்கலாகிவிட்டது. ராட்சச மழை, டாக்டர் வீட்டு டெலிபோன் வேலை செய்யவில்லை. நர்ஸிங்ஹோமில் ஆயாவாக இருந்த பொன்னியம்மா என்பவள் முழங்கால் தண்ணீரில் ஓடிப்போய் டாக்டரைக் கையோடு கூட்டிவந்தாள். குழந்தையும் தாயும் பிழைத்தார்கள்.

குழந்தைக்கு முதல் பிறந்தநாள் அன்று காலை ஏழு மணிக்கு கிறிஸ்துதாஸ் அம்பத்தூர் வீட்டு வாசலில் நின்றான். பின்னால் குழந்தையோடு ரோஸி.

"அத்தை, நீங்களாவது சொல்லுங்க. பொன்னியம்மா வீட்டுக்குப் போயே ஆகணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. வேப்பம்பட்டுல இருக்காங்களாம், ஸ்டேஷன்ல இறங்கி அரைமணி நடக்கணுமாம். நான் லீவு போட்டாச்சு. கேக் வெட்டிட்டு வீட்ல இருக்கலாம்னு பார்த்தா… நன்றிதானே, ஒரு போன் பண்ணிச் சொன்னா ஆகாதா?"

"அவங்க வீட்ல போன் இருக்கா, மாப்பிள்ளை?"

"இல்ல."

"அப்பப் போயிட்டு வாங்க."

"நீங்களும் இப்படிச் சொன்னா எப்படி அத்தை? இது வருஷா வருஷமாம். எழுதி வச்ச மாதிரி சொல்றா."

"உங்களுக்கு இது முதல் வருஷம்தானே? நான் எல்லா வருஷமும் போனவ. எங்கிட்ட வந்து பொலம்பாதீங்க."

ரோஸி கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வாசலிலிருந்து கத்தினாள். "வண்டி போயிரும், வாங்களேன்! அம்மாகிட்ட என்ன பேச்சு?" கிறிஸ்துதாஸ் முணுமுணுத்துக்கொண்டே குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான். பை இன்னொரு தோளில். குழந்தை அவன் காதைப் பிடித்து இழுத்தது.

உள்ளே வேதமுத்து அவசர அவசரமாகச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். பொத்தான் மாற்றிப் போட்டிருந்தார்.

"நீங்க எங்க கெளம்பிட்டீங்க?" என்றாள் அருள்செல்வி.

"சும்மா, துணைக்கு. அங்க போயி ஒரு வார்த்தை ஜெபம்…"

"அவ பண்ணிக்குவா. நீங்க உக்காருங்க."

அவர் தெருவைப் பார்த்தார். ரோஸி முன்னால் வேகமாக நடக்க, கிறிஸ்துதாஸ் ஏதோ வாதாடிக்கொண்டே பின்னால் போய்க்கொண்டிருந்தான். திருப்பத்தில் மறையும் வரை அவர்கள் சண்டை கேட்டது. வேதமுத்து நாற்காலியை இழுத்துப் போட்டு, காலை நீட்டி மெதுவாக உட்கார்ந்தார்.